மேலோடு அசையாது

ஜூலை 3, திங்கள்

எஸ்தர் டீச்சர் இன்று ஒன்பதாம் வகுப்பு முழுவதற்கும் ஒரு வேலை கொடுத்தார். புவியியல் பாடத்தில் நமக்குப் பிடித்த ஒரு பகுதியைச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லத் தெரியவில்லை என்றால் நமக்கே அது தெரியவில்லை என்று அர்த்தமாம். தேதி போட்டு, நடந்ததை நடந்தபடி நோட்டில் எழுத வேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் டீச்சர் வாங்கிப் பார்ப்பார். நன்றாக இருந்தால் ஆகஸ்டில் கண்காட்சிக்கு அனுப்புவார்.

மற்றவர்கள் எல்லோரும் மழை, ஆறு என்று சுலபமாக எடுத்துக்கொண்டார்கள். நான் பூமியின் அடுக்குகளை எடுத்தேன். மேலோடு, கவசம், கரு. கண்ணால் பார்க்க முடியாததைச் சொல்லிக்கொடுப்பதுதான் கஷ்டம். அதனால்தான் எடுத்தேன்.

மழை. பள்ளிக்கூட ஷூ காயவில்லை. அடுப்பு மேல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். அம்மா தேயிலைக் கொழுந்து கிள்ளப் போய் வந்த காலில் மூன்று அட்டைப்பூச்சி.

ஜூலை 4, செவ்வாய்

என் மாணவர்கள் எங்கள் எஸ்டேட் புள்ளக்காம்பராவில் இருக்கிறார்கள். அம்மாக்கள் மலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகிற இடம். டவுனில் இதை கிரெச் என்பார்கள். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் ஆட்கள் இலங்கையிலிருந்து இங்கே வந்தபோது இந்தச் சொல்லையும் கூடவே கொண்டுவந்துவிட்டார்கள். ஒரே அறை, தகரக் கூரை. பின்னால் செங்குத்தாக மண்சுவர், அதன்மேல் தேயிலை. பக்கத்தில் இருபத்திரண்டு படிகள். ஏறினால் காலையில் ஆட்களைப் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக்களம்.

பார்த்துக்கொள்கிறவர் ஆயம்மா மரகதம். கைக்குழந்தைகள் இரண்டு, நடக்கிற பிள்ளைகள் ஆறு. பள்ளி விட்டதும் நாலு மணிக்குப் போனேன்.

"பூமிக்குள்ள என்ன இருக்கு, சொல்லுங்க?" என்று கேட்டேன்.

"உருளக்கெழங்கு," என்றான் ரோஷன்.

எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் லயத்தில் இரண்டு வீடு தள்ளி இருக்கும் செல்வராணி அக்காவின் மகள் மிதுனா மட்டும் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுக்குக் கீழ?" என்று கேட்டாள்.

ஜூலை 5, புதன்

காம்பராவில் புதன்கிழமை முட்டை தருவார்கள். அதற்காகவே இன்றைக்கு அந்தப் பாடத்தை வைத்திருந்தேன். அவித்த முட்டையின் ஓட்டை உரித்துக் காட்டிவிட்டு, நூலால் இரண்டாக அறுத்தேன். வெளியே இருப்பது ஓடு, அதுபோலப் பூமிக்கும் மேலே ஒரு ஓடு. அதனால் மேலோடு. வெள்ளை கவசம். மஞ்சள் கரு. முட்டைக்கும் கரு, பூமிக்கும் கரு. தமிழில் படிப்பதில் இது ஒரு லாபம்.

நான் திரும்பிப் பார்ப்பதற்குள் ரோஷன் பாதிப் பூமியைத் தின்றுவிட்டான்.

"ஆயம்மா, இவன் கருவ முழுங்கிட்டான்!" என்று ஒரே கூச்சல்.

"முழுங்கட்டும். இனி வயித்துக்குள்ள எரிமல வெடிக்கும்," என்றார் ஆயம்மா.

மிதுனா அவளுடைய பங்கைத் தின்னவில்லை. ஓட்டை மட்டும் கவுன் பையில் போட்டுக்கொண்டு போனாள். செல்வராணி அக்கா சாயங்காலம் எங்கள் வாசலுக்கு வந்து, "ஏம் பாப்பா, என்னாத்த சொல்லிக்குடுத்த? ஒரு முட்டக் கோதக் கொண்டாந்து வெச்சிக்கிட்டு, இது பூமி, தூக்கிப் போட்டா எல்லாரும் விழுந்துருவோம்னு அழுவுறா," என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

ஜூலை 7, வெள்ளி

டீச்சர் நோட்டைப் பார்த்தார். 'நன்று. உருளைக்கிழங்கை விட்டுவிடாதே.'

ஜூலை 10, திங்கள்

சொல்லிக்கொடுத்தால் பத்து நிமிடம்தான் உட்காருகிறார்கள். அதனால் ஒரு விளையாட்டு கண்டுபிடித்தேன். நான் "கரு" என்றால் எல்லோரும் நடுவில் வந்து ஒட்டி உட்கார வேண்டும். "கவசம்" என்றால் கைகோத்து மெதுவாக அசைய வேண்டும், ஏனென்றால் அது சூடான கூழ் மாதிரி. "மேலோடு" என்றால் கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு அப்படியே நிற்க வேண்டும். அசைந்தால் அவுட். கடைசிவரை நிற்பவருக்கு ஒரு நட்சத்திர ஸ்டிக்கர்.

இன்று மூன்று தடவையும் மிதுனா.

ஜூலை 11, செவ்வாய்

மழை விட்டிருந்த நேரத்தில் பிள்ளைகளை வெளியே படியேறிக் கூட்டிக்கொண்டு போய் மண்ணைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். காம்பராவுக்குப் பின்னால், மண்சுவருக்கு மேலே, தேயிலைச் செடி ஓரமாக மிதுனா எதையோ குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, மேலோடு வெடிச்சிருக்கு."

உண்மைதான். என் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஒரு விரிசல், ஏழெட்டு அடி நீளம். ஆயம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது. சூப்பர்வைசருக்கு ஆள் அனுப்பினார். அவர் குடையோடு வந்து பார்த்தார்.

"மழ பேஞ்சா மண்ணு வெடிக்கத்தான் செய்யும். மேல பாலிதீன் போட்டு மூடச் சொல்றேன்."

"புள்ளைங்கள வேற எடத்துக்கு மாத்துனா நல்லதுங்க ஐயா," என்றார் ஆயம்மா.

"மழ முடியட்டும், பாக்கலாம்."

அவர் போன பிறகு ஆயம்மா அந்தப் படிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஒண்ணு ஆச்சுன்னா மேலதான் ஓடணும். பெரட்டுக்களந்தான் பாற மேல நிக்கிது," என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை, தனக்குத் தானே சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது.

வீட்டில் தண்ணீர் பிடித்தேன். நாலு குடம்.

ஜூலை 12, புதன்

இன்று ரோஷனோடு சண்டை. நான் "மேலோடு" என்றதும் அவன் நிற்காமல் படியில் ஏறி ஓடினான். கேட்டால், "நீங்கதானே மேல ஓடுன்னு சொன்னீங்க!" என்கிறான். பிறகு அவனே நடுவில் நின்றுகொண்டு "மேல ஓடு, மேல ஓடு" என்று கத்த ஆரம்பித்தான். மற்ற நாலு பேரும் அவன் பின்னால் படியேறி ஓடிவிட்டார்கள். விளையாட்டே கெட்டுப்போனது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னேன்: "மேலோடுன்னா மேல ஓடுறது இல்ல. அது ஒரே சொல்லு. முட்டை ஓடு மாதிரி. மேலோடு ஓடாது. அசையாது. அப்படியே நிக்கும். வெளங்குதா?"

"வெளங்குதுக்கா," என்றாள் மிதுனா. "ரோஷன் கத்துனாலும் ஓடக்கூடாது."

"ஆமா."

"யாரு கத்துனாலும் ஓடக்கூடாது."

"ஆமா, யாரு கத்துனாலும்."

மறுபடி விளையாடினோம். ரோஷன் அவள் காதுக்குள் போய் "மேல ஓடு!" என்று கத்தினான். மற்றவர்கள் ஓடினார்கள். மிதுனா கையை ஒட்டிக்கொண்டு நேராக என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். இமைகூட அசையவில்லை. சிரிப்பை அடக்குவது மட்டும் உதட்டில் தெரிந்தது.

"செல கணக்கா நிக்கிறா பாரு," என்றார் ஆயம்மா.

ஒரு குழப்பத்தை நீக்கி ஒரு பிள்ளைக்காவது சரியாகப் புரியவைத்துவிட்டேன். இன்றைக்குத்தான் நான் நிஜமாகவே டீச்சர் மாதிரி உணர்ந்தேன்.

ஜூலை 13, வியாழன்

செல்வராணி அக்கா கடையில் பார்த்தபோது, "வீட்ல குட்டிக் கொரங்கு கணக்கா தாவுறா, ஒரு சொல்லு கேக்க மாட்டா. ஒங்கிட்ட மட்டும் எப்பிடி நிக்கிறா?" என்று கேட்டார். அவர் வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். போனில் பேசும்போது மிதுனா அப்பாவிடமும் "மேலோடு" என்று சொல்லி அவரை அசையாமல் நிற்கவைக்கிறாளாம். "அவரும் அங்க நிக்கிறாராம் பாப்பா, கூட வேல பாக்குறவுங்க சிரிக்கிறாங்களாம்!"

விரிசல்மேல் நீலத் தாள் போட்டுக் கல் வைத்திருக்கிறார்கள்.

ஜூலை 14, வெள்ளி

டீச்சர் நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். மொத்தத்தில் மிக நன்று. 12ஆம் தேதிப் பக்கத்தில் மட்டும் சிவப்பு மையில் ஒரு திருத்தம். மேலோடு அசையாது என்று நான் சொன்னது தவறு. மேலோடு தட்டுத் தட்டாகப் பிரிந்து, நகம் வளர்கிற வேகத்தில் நகர்ந்துகொண்டேதான் இருக்கிறது. எனக்கு இது தெரியும். பாடத்தின் இரண்டாம் பக்கத்திலேயே இருக்கிறது. ரோஷனை ஜெயிக்கிற அவசரத்தில் மறந்துவிட்டேன்.

பிள்ளைகளிடம் திருத்திச் சொல்லச் சொல்லியிருக்கிறார். நாளைக்குச் சொல்கிறேன்.

ஜூலை 15, சனி

காம்பராவுக்குப் போனேன். எரிமலை வரைந்தோம். நேரம் போய்விட்டது.

ஜூலை 17, திங்கள்

மழை நிற்கவே இல்லை. நாளைக்குப் பள்ளி விடுமுறை என்று ரேடியோவில் சொன்னார்கள்.

சாயங்காலம் காம்பராவுக்குப் போனேன். சொல்ல வாயெடுத்தேன். நான் போனதுமே மிதுனா ஓடிவந்து, நான் எதுவும் சொல்லாமலே கையை ஒட்டிக்கொண்டு நின்றாள். அவள் மழைக்கோட்டின் உள்பக்கம் ஒன்பது நட்சத்திரம் ஒட்டியிருந்தது. எண்ணிக் காட்டினாள். இப்போது போய், அக்கா சொன்னது தப்பு, மேலோடு அசையும், ரோஷன் சொன்னதுதான் பாதி சரி என்று எப்படிச் சொல்வது? ரோஷன் வாரம் முழுக்கச் சிரிப்பான். இனி நான் சொல்வதை யாரும் நம்பமாட்டார்கள்.

தட்டுகள் பாடம் வரும்போது சேர்த்துச் சொல்லிக்கொள்ளலாம். அப்போது அது திருத்தம் மாதிரி இருக்காது, புதிய பாடம் மாதிரி இருக்கும்.

ரசப்பொடி தீர்ந்துவிட்டது. அம்மாவிடம் சொல்ல வேண்டும்.

ஜூலை 18, செவ்வாய்

மண் சரிந்துவிட்டது.

ஜூலை 19, புதன்

லயத்து ஆட்கள் எல்லோரையும் எங்கள் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்திருக்கிறார்கள். நாங்கள் இருப்பது என்னுடைய வகுப்பிலேயே. பலகையில் போன வாரம் நான் வரைந்த பூமியின் படம் அப்படியே இருந்தது. அழித்துவிட்டேன்.

மிதுனாவை மத்தியானம் மண்ணுக்குள்ளிருந்து எடுத்தார்கள்.

ஜூலை 21, வெள்ளி

ஆயம்மா யார் வந்து கேட்டாலும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். பதினொரு மணி இருக்கும். பின்னால் கல் உருளுகிற மாதிரி சத்தம். இரண்டு கையிலும் இரண்டு கைக்குழந்தைகளை அள்ளிக்கொண்டு படிக்கு ஓடினாராம்.

"மேல ஓடு, மேல ஓடுன்னு தொண்ட கிழியக் கத்துனேன். அஞ்சும் ஓடிருச்சு. நாலு படி ஏறித் திரும்பிப் பாக்குறேன், இவ மட்டும் வாசல்லயே நிக்கிறா. மிதுனா, மேல ஓடுடின்னேன். கைய ஒட்டி வெச்சிக்கிட்டு என்னையே பாத்துக்கிட்டு நிக்கிறா. கையில ரெண்டு புள்ள. எறங்குறதுக்குள்ள..."

"பயத்துல மரத்துப் போயிருப்பா," என்றார்கள் பெண்கள். "பச்சப் புள்ளைக்கு என்னா தெரியும்."

தாசில்தார் ஆபீசிலிருந்து வந்தவர் எழுதிக்கொண்டார். என்னைப் பார்த்து, "நீதானே பாடம் சொல்லிக்குடுத்த பொண்ணு? அந்தப் பாப்பா பயந்த சுபாவமா?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன்.

ஜூலை 22, சனி

காய்ச்சல். அம்மா கஞ்சி வைத்தார்.

ஜூலை 24, திங்கள்

எஸ்தர் டீச்சர் அரிசி, போர்வை எல்லாம் கொண்டுவந்திருந்தார். என் தலையைத் தடவினார். நோட்டைப் பற்றிக் கேட்கவில்லை. சிவப்பு மையில் எழுதியது அவருக்கு ஞாபகம் இருக்குமா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். நாற்பது பேருடைய நோட்டைத் திருத்துகிறார். இருக்காது.

ரோஷன் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தான். அவன் இப்போது பேசுவதே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். "அக்கா, மிதுனா அவுட்டா?" என்று கேட்டான்.

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

ஜூலை 26, புதன்

செல்வராணி அக்கா சாப்பிடுவதில்லை. திருப்பூரிலிருந்து வந்த அவர் வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்து வைத்தாலும் அப்படியே இருக்கிறது. யாராவது பக்கத்தில் உட்கார்ந்தால் ஒன்றே ஒன்றைத்தான் கேட்கிறார்.

"எம்புட்டு பயந்திருப்பா? அம்மான்னு கூப்புட்டிருப்பாளா? கால் நகராத அளவுக்குப் பயந்திருந்தா, அந்த நேரத்துல எம்புள்ளைக்கு எப்பிடி இருந்திருக்கும்?"

இதற்கான பதில் என் பையில், கணக்கு நோட்டுக்கும் இங்கிலீஷ் நோட்டுக்கும் நடுவில் இருக்கிறது.

12ஆம் தேதிப் பக்கத்தைக் கிழித்துவிடலாம் என்று இரண்டு தடவை எடுத்தேன். கிழித்தால் அதன் பின்பக்கத்தில் இருக்கும் 13ஆம் தேதியும் போய்விடும். அதில் அவள் அப்பாவை போனில் நிற்கவைத்தது இருக்கிறது. கிழிக்கவில்லை.

ஜூலை 28, வெள்ளி

ஈரத் துணி ஒன்றும் காயவில்லை. வகுப்பறை முழுக்க அந்த வாசனை.

செல்வராணி அக்கா இன்று என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். "நல்லாப் படிச்சிருப்பாளா பாப்பா? ஒங்கிட்ட எல்லாம் சரியாச் சொல்லுவாளா?"

"எல்லாம் சரியாச் சொல்லுவாக்கா," என்றேன்.

ஜூலை 30, ஞாயிறு

மத்தியானம் வகுப்பறையில் யாரும் இல்லை. எல்லோரும் சாப்பாட்டு வரிசைக்குப் போயிருந்தார்கள். செல்வராணி அக்கா மட்டும் சுவரோரம் பாயில் உட்கார்ந்திருந்தார். மடியில் மிதுனாவின் மழைக்கோட்டு.

நான் போய் முன்னால் உட்கார்ந்தேன். "அக்கா, மிதுனா பயந்து நிக்கல," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார்.

நோட்டை எடுத்து 12ஆம் தேதிப் பக்கத்தைப் பிரித்து அவர் கையில் கொடுத்தேன்.

அக்கா ஆறாவதுவரை படித்தவர். விரலை எழுத்துக்குக் கீழே வைத்து, உதடு அசைய, மெதுவாகத்தான் படிப்பார். நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரோஷன் படியேறி ஓடுகிற இடம் வந்தபோது முகம் கொஞ்சம் இளகியது. விரல் அடுத்த வரிக்கு இறங்கியது. மேலோடு ஓடாது. அசையாது. அப்படியே நிக்கும். விரல் போய்க்கொண்டே இருந்தது. யாரு கத்துனாலும் ஓடக்கூடாது. அங்கே நின்றது.

திரும்ப மேலே போய் முதல் வரியிலிருந்து படித்தார். மறுபடி அதே இடத்தில் நின்றது.

"அப்ப பயத்துல நிக்கல," என்றார்.

"இல்லக்கா."

"ஆயம்மா கத்துனது அவளுக்கு வெளையாட்டாக் கேட்டிருக்கு."

"ஆமாக்கா."

"ஜெயிக்கணும்னு நின்னிருக்கா." அவர் மழைக்கோட்டைத் திருப்பி நட்சத்திரங்களைத் தடவினார். "சொன்ன பேச்ச கேட்டிருக்கா எம்புள்ள. எங்கிட்ட ஒருநாளும் கேக்காதவ."

நான் அழுதேன். அவர் அழவில்லை. பக்கத்தின் ஓரத்தில் விரலை வைத்து, "இந்தச் செவப்பு மையில என்னா?" என்றார்.

"டீச்சர் எழுதினதுக்கா. நான் சொல்லிக்குடுத்தது தப்புன்னு."

அதையும் எழுத்துக் கூட்டிப் படித்தார். தவறு. மேலோடு அசையும். பிள்ளைகளிடம் உடனே திருத்திச் சொல். கீழே டீச்சரின் கையெழுத்து. அதற்குக் கீழே தேதி. விரல் தேதிக்கு வந்தது.

"பதினாலு," என்றார்.

விரலை மடக்கி எண்ணினார். பதினஞ்சு, பதினாறு, பதினேழு, பதினெட்டு.

"நாலு நாளு இருந்துச்சே பாப்பா."

"ரோஷன் சிரிப்பான்னு நெனச்சேன்க்கா," என்றேன். அதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இல்லை.

சாப்பாட்டு வரிசையிலிருந்து ஆட்கள் திரும்பி வரும் சத்தம் கேட்டது. அக்கா அந்தத் தாளை, தையல் பக்கம் நகத்தால் அழுத்திக் கோடு போட்டு, கிழிசல் கோணாமல் மெதுவாக நோட்டிலிருந்து பிரித்தெடுத்தார். நாலாக மடித்து மழைக்கோட்டின் பைக்குள் வைத்தார்.

"பயந்து சாகலங்கறத வந்து சொன்ன. அது போதும் எனக்கு," என்றார். பிறகு, "கோவம் இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல. கொஞ்ச நாளைக்கு எங் கண்ணு முன்னால வராத பாப்பா," என்றார்.

சரிக்கா என்று எழுந்து வந்தேன்.

ஜூலை 31, திங்கள்

எஸ்தர் டீச்சருக்கு,

நோட்டைக் கொடுக்கிறேன். கண்காட்சிக்கு அனுப்ப வேண்டாம். நீங்கள் படித்தால் போதும். தாசில்தார் ஆபீசிலிருந்து வருகிறவர் கேட்டால் அவரிடமும் கொடுங்கள். அவரிடம் நான் தெரியாது என்று சொன்னது பொய்.

12ஆம் தேதியும் 13ஆம் தேதியும் இருந்த தாள் செல்வராணி அக்காவிடம் இருக்கிறது. நோட்டில் இப்போது ஒட்டியிருப்பது நான் நேற்று ஞாபகத்திலிருந்து எழுதிய நகல். ஒரு சொல்கூட மாறியிருக்காது. அந்தப் பக்கம் எனக்கு மனப்பாடம்.

என்னிடம் சிவப்பு மை இல்லை. அதனால் நீங்கள் ஓரத்தில் எழுதியதையும் நீல மையிலேயே எழுதியிருக்கிறேன். தேதியை மாற்றவில்லை.